பிரஷ்லெஸ் ஆர்சி கார் கிளம்பும்போது திக்குகிறதா? புது மோட்டார் வாங்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள்

காரைத் தரையில் வைத்து த்ராட்டிலை லேசாகத் தொடுகிறீர்கள். கார் போகவில்லை. டர்ர்... டக்... டக் என்று மோட்டார் உதறுகிறது. கார் முன்னே அரை அங்குலம், பின்னே அரை அங்குலம். விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால் சில நேரம் ஒழுங்காகக் கிளம்பும், சில நேரம் அதே உதறல். ஓடத் தொடங்கிவிட்டால் ஒரு குறையும் தெரியாது. ஆர்சி கார், அதாவது ரிமோட்டில் ஓடும் கார் ஓட்டுபவர்கள் இதைத்தான் காகிங் என்கிறோம்.

மோட்டார் பாடப்புத்தகத்தில் காகிங் என்பது வேறு. மின்சாரமே இல்லாமல் தண்டை விரலால் சுற்றும்போது விட்டு விட்டுப் பிடிப்பது தெரியுமே, அது. சுழலும் பகுதியான ரோட்டரின் காந்தம், அசையாத பகுதியான ஸ்டேட்டரின் இரும்புப் பற்களோடு ஒட்டிக்கொள்ளப் பார்ப்பதால் வருகிறது. அது மோட்டாரின் பிறவிக் குணம், கோளாறு அல்ல. இங்கே நான் பேசுவது கார் கிளம்பும்போது வரும் திக்கலைப் பற்றி மட்டும்.

என்னுடையது டமியா டிடி-02 கார். கிட்டோடு வந்த பிரஷ் மோட்டாரைக் கழற்றிவிட்டு, 3650 அளவில் (36 மில்லிமீட்டர் விட்டம், 50 மில்லிமீட்டர் நீளம்) 3300 கேவி சென்சார்லெஸ் பிரஷ்லெஸ் மோட்டாரும், அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் 60 ஆம்பியர் இஎஸ்சியும் போட்டேன். சென்சார்லெஸ் என்றால் ரோட்டரின் நிலையைச் சொல்லும் சென்சார் உள்ளே இல்லை. முதல் வாரமே திக்கல். மோட்டார்தான் மட்டம் என்று முடிவு கட்டி இன்னொன்று வாங்கினேன். அதுவும் திக்கியது. கடைசியில் பார்த்தால், மூன்று வயரில் ஒன்றுக்கு நானே வைத்த சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை. கீழே உள்ள வரிசை அந்த இரண்டாவது மோட்டாரின் விலையில் கற்றது. காசு செலவாகாத வேலைகள் முதலில், காசு கேட்பவை கடைசியில்.

ஏன் திக்குகிறது

என்னுடையது போன்ற சாதாரண சென்சார்லெஸ் அமைப்பில், மோட்டாருக்குள் போகும் மூன்று வயர்களில் எந்த நொடியிலும் இரண்டில்தான் மின்சாரம் பாயும். மூன்றாவது சும்மா இருக்கும். ரோட்டர் சுழலும்போது அந்தச் சும்மா இருக்கும் சுருளில் ஒரு சிறிய மின்னழுத்தம் பிறக்கும். அதைப் பார்த்துத்தான் காந்தம் இப்போது எங்கே நிற்கிறது, அடுத்து எந்த ஜோடி வயருக்கு மின்சாரம் தரவேண்டும் என்று சென்சார்லெஸ் இஎஸ்சி கணக்குப் போடுகிறது. ரோட்டர் நிற்கும்போது? அந்த மின்னழுத்தம் பூஜ்யம். இஎஸ்சிக்குக் கண் தெரியாது.

என் காரையே எடுத்துக்கொள்வோம். 3300 கேவி என்றால் நிமிடத்துக்கு 3300 சுற்றில் ஏறக்குறைய 1 வோல்ட் பிறக்கும். 330 சுற்றில் 0.1 வோல்ட். டிடி-02இன் கியர் விகிதம் 8.27, ஆகவே மோட்டார் 330 சுற்று சுற்றினால் சக்கரம் 40 சுற்று. டயரின் விட்டம் சுமார் 64 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் கார் நிமிடத்துக்கு 8 மீட்டர், அதாவது எறும்பை விடக் கொஞ்சம் வேகம். அதுவரை இஎஸ்சியின் கையில் இருக்கும் தகவல் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குதான். அதிலும் சுவிட்சிங் இரைச்சல் கலந்திருக்கும்.

அதனால் தொடக்கத்தில் இஎஸ்சி குருட்டாம்போக்கில் ஒரு வரிசையாக மின்சாரத்தை மாற்றிப் பார்க்கும், ரோட்டர் கூட வருகிறதா என்று. வந்தால் கார் கிளம்பும். ரோட்டர் ஒரு படி பின்தங்கினால் அடுத்த உந்துதல் தப்பான பக்கம் விழும். அதுதான் அந்த டக்.

இதில் நாம் செய்யக்கூடியது இரண்டே. ரோட்டர் சட்டென்று கிளம்பும்படி சுமையைக் குறைப்பது ஒன்று. இஎஸ்சி கேட்கும் மின்சாரம் தடையில்லாமல் போய்ச் சேர வைப்பது இன்னொன்று. கீழே வரும் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றில் அடங்கும்.

எப்போது திக்குகிறது என்று முதலில் கவனியுங்கள்

ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் பத்து முறை காரைக் கிளப்பிப் பாருங்கள். ஐந்து முறை மெதுவாக, ஐந்து முறை ஒரே அழுத்தாக.

மெதுவாகத் தொடும்போது மட்டும் திக்கி, ஒரே அழுத்தாகக் கொடுத்தால் பாய்ந்து போனால், அது மேலே சொன்ன குருட்டுத் தொடக்கம். சென்சார்லெஸ் அமைப்பில் இது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். குறைக்கலாம், அடியோடு ஒழிக்க முடியாது.

மாறாக, மெதுவாகக் கிளம்பும்போது சரியாக இருந்து, முழு த்ராட்டில் கொடுத்ததும் திக்கினால் பேட்டரி, கனெக்டர், சால்டர் இவற்றைச் சந்தேகப்படுங்கள். மின்னழுத்தம் சரிகிறது.

எப்படிக் கொடுத்தாலும் திக்குகிறது, சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தாலும் திக்குகிறது என்றால் மூன்று வயரில் ஒன்று செத்திருக்கலாம். என் கார் இந்த மூன்றாவது ரகம். அப்போது இந்தப் பத்து முறைச் சோதனையைச் செய்திருந்தால் காசு மிச்சமாகியிருக்கும்.

சக்கரத்தைத் தூக்கிச் சோதிக்கும்போது முழு த்ராட்டில் வேண்டாம். சுமை இல்லாமல் ஓடவிட்டால் டயர் உப்பிக் கழன்று பறக்கும். கால் த்ராட்டில் போதும். விரலும் சட்டை நுனியும் கியர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. மூன்று வயர்கள்

பேட்டரியைக் கழற்றுங்கள். மோட்டாருக்கும் இஎஸ்சிக்கும் நடுவே உள்ள மூன்று புல்லட் கனெக்டரையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். கொஞ்சம் பலம் கொடுத்தால்தான் வரவேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அதன் ஸ்பிரிங் இதழ்கள் அமுங்கிப்போயிருக்கின்றன. மெல்லிய கத்தி நுனியை இதழ்களுக்கு நடுவே விட்டு ஒரு துளி விரித்தால் தற்காலிகமாகச் சரியாகும். புது ஜோடி போடுவதுதான் நிரந்தரம். உள்ளே கறுத்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள், சூடாகித்தான் கறுத்திருக்கிறது.

அடுத்து ஹீட் ஷ்ரிங்க் உறையைக் கிழித்து சால்டரைப் பாருங்கள். நல்ல சால்டர் வயரின் இழைகளுக்குள் ஊறியிருக்கும். விளிம்பு வழவழப்பாகச் சரிந்து இறங்கும். கெட்ட சால்டர் ஒரு உருண்டையாகக் குந்தியிருக்கும், வயரை ஆட்டினால் அதுவும் சேர்ந்து ஆடும். என் காரில் இருந்தது அதுதான். மேலே பளபளவென்று இருந்தது, இழுத்ததும் முழு வயரும் உருவிக்கொண்டு வந்தது. 25 வாட் இரும்பை வைத்துக்கொண்டு தடித்த வயரில் மல்லுக்கட்டியதன் பலன். இந்த வேலைக்குக் குறைந்தது 60 வாட் இரும்பு வேண்டும், முனையும் அகலமாக இருக்கவேண்டும். மெல்லிய ஊசி முனையின் சூட்டைப் புல்லட்டின் பித்தளை உறிஞ்சிவிடும்.

புதிதாக வைப்பது இப்படி. புல்லட்டை ஒரு மரக்கட்டையில் துளை போட்டு நட்டு நிறுத்துங்கள். குழிக்குள் கொஞ்சம் ஃபிளக்ஸ் தடவி, இரும்பை வெளிப்பக்கம் அழுத்திப் பிடித்து, முக்கால் குழி நிறையும்வரை ஈயத்தை உருக்குங்கள். வயர் நுனிக்கும் தனியாக ஈயம் பூசி வைத்திருக்கவேண்டும். குழியில் ஈயம் தண்ணீர் மாதிரி ஆடும்போது வயரை இறக்கி, இரும்பை எடுத்துவிட்டு, பத்து நொடி மூச்சுக் காட்டாமல் பிடித்திருங்கள். ஆறும் நேரத்தில் கை ஆடினால் எல்லாம் வீண். ஆறியதும் நன்றாக இழுத்துப் பாருங்கள். பயந்து பயந்து இழுத்தால் சோதனையே இல்லை.

ஒரு எச்சரிக்கை: சென்சார்லெஸ் அமைப்பில் மூன்று வயரில் எந்த இரண்டை மாற்றிப் போட்டாலும் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும், அவ்வளவுதான். சென்சார் கேபிள் மாட்டிய மோட்டாரில் இந்த விளையாட்டு கூடாது. ஏ, பி, சி என்று மோட்டாரில் எழுதியிருப்பது இஎஸ்சியில் எழுதியிருப்பதோடு பொருந்தியே ஆகவேண்டும். திசையை மாற்ற வேண்டுமானால் இஎஸ்சியின் அமைப்பில் மாற்றுங்கள்.

2. மோட்டார் சுருள் நன்றாக இருக்கிறதா: ஒரு நிமிடச் சோதனை

சுருளின் மின்தடை மிகவும் குறைவு. சாதாரண மல்டிமீட்டர் அதை அளக்காது. எல்லாவற்றுக்கும் பூஜ்யத்தை ஒட்டி ஏதோ ஒன்றைக் காட்டும். விரல் அதைவிட நல்ல மீட்டர்.

மோட்டாரின் மூன்று வயர்களையும் இஎஸ்சியிலிருந்து கழற்றுங்கள். மோட்டாரை ஸ்பர் எனும் பெரிய கியரிலிருந்து விலக்கிக்கொண்டு, மோட்டார் தண்டில் இருக்கும் சின்ன கியரான பினியனை விரலால் சுண்டிச் சுழற்றுங்கள். எளிதாகச் சுற்றும். இப்போது ஏதாவது இரண்டு வயர் நுனிகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்துக்கொண்டு சுண்டுங்கள். தேனுக்குள் சுற்றுவது போல கனக்கும். நீங்கள் சுற்றுவதால் பிறக்கும் மின்சாரம் அந்தச் சுருளிலேயே ஓடி பிரேக் பிடிக்கிறது. இதே போல மூன்று ஜோடிகளையும் பாருங்கள். மூன்றிலும் ஒரே கனம் என்றால் சுருளும் அதன் சால்டரும் நலம். இரண்டு ஜோடியில் கனமே இல்லை, ஒன்றில் மட்டும் இருக்கிறது என்றால், அந்த இரண்டுக்கும் பொதுவான வயர்தான் அறுந்திருக்கிறது. எந்த வயரையும் இணைக்காமலே கனத்தால் பேரிங் போயிருக்கலாம், அல்லது உள்ளே சுருள் ஷார்ட் ஆகியிருக்கலாம்.

3. பேட்டரியும் அதன் பிளக்கும்

கிளம்பும் நொடியில் மோட்டார் கேட்கும் மின்சாரம் ஓடும்போது கேட்பதைவிடப் பல மடங்கு. ஒரு உதாரணக் கணக்கு: அந்த நொடி 40 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரி, அதன் வெள்ளை பிளாஸ்டிக் டமியா பிளக், மெல்லிய வயர் எல்லாம் சேர்ந்து 80 மில்லி ஓம் மின்தடை இருந்தால் 3.2 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். இஎஸ்சிக்குப் போய்ச் சேர்வது 4 வோல்ட். அதை வைத்துக்கொண்டு இஎஸ்சி, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர், ஸ்டீயரிங்கைத் திருப்பும் சர்வோ மூன்றும் பிழைக்கவேண்டும். திக்காமல் என்ன செய்யும்? ரிசீவரே ஒரு கணம் அணைந்து எரிவதும் உண்டு. ஸ்டீயரிங் சேர்ந்து உதறினால் அதுதான் அடையாளம். அதே 40 ஆம்பியரில் 15 மில்லி ஓம் உள்ள நல்ல லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) இழப்பது 0.6 வோல்ட்தான்.

என் அனுபவத்தில், கார் திக்குகிறது என்று கொண்டு வருபவர்களில் பாதிப் பேர் அந்த வெள்ளை பிளக்கைத்தான் இன்னும் வைத்திருக்கிறார்கள். பிரஷ் மோட்டார் காலத்துக்கு அது போதும். பிரஷ்லெஸ்ஸுக்கு மாறிய அன்றே அதை வெட்டிவிட்டு எக்ஸ்டி60 அல்லது டீன்ஸ் ரக பிளக் போடுங்கள். வெட்டும்போது பேட்டரியின் இரண்டு வயரையும் ஒரே நேரத்தில் கத்தரிக்காதீர்கள். கத்தரிக்கோல் இரண்டையும் சேர்த்து ஷார்ட் ஆக்கிவிடும். ஒன்றை வெட்டி, சால்டர் வைத்து, உறை போட்ட பிறகுதான் அடுத்தது.

லிப்போ வாங்கும்போது உறையில் போட்டிருக்கும் சி எண்ணை, அதாவது கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு மின்சாரம் தரும் என்ற எண்ணை, அப்படியே நம்பவேண்டாம். 5000 எம்ஏஎச், 50சி என்றால் கணக்குப்படி 250 ஆம்பியர்; அவ்வளவு மின்சாரத்தை அந்த பேட்டரியின் வயரே தாங்காது. கொஞ்சம் நல்ல சார்ஜர்கள் ஒவ்வொரு செல்லின் உள் மின்தடையையும் காட்டும். புதிதாக வாங்கியதும் அதை ஒரு ஸ்டிக்கரில் எழுதி பேட்டரியிலேயே ஒட்டுங்கள். ஒரு வருடம் கழித்து அது இரட்டிப்பானால் திக்கலுக்குக் காரணம் கையிலேயே இருக்கிறது. ஒரு செல் மட்டும் மற்றதைவிட அதிகம் காட்டினாலும் அப்படித்தான்.

முழு சார்ஜில் சரியாக ஓடி, பத்து நிமிடம் கழித்துத் திக்கத் தொடங்கினால் லோ வோல்டேஜ் கட்-ஆஃப் வேலை செய்கிறதா என்று பாருங்கள். மின்னழுத்தம் சரிந்ததும் இஎஸ்சி பேட்டரியைக் காப்பாற்ற மின்சாரத்தைக் குறைக்கும். அது காகிங் போலவே இருக்கும். அதற்காக லிப்போவுக்கு கட்-ஆஃபை அணைத்து வைக்காதீர்கள்.

இஎஸ்சிக்குக் கூடுதல் கெப்பாசிட்டர் போடுவது பற்றி நிறையக் கேட்கிறார்கள். அது உதவும், ஆனால் பேட்டரி நன்றாக இருந்தால் மட்டும். சுவிட்சிங்கில் வரும் சின்ன ஏற்ற இறக்கத்தைத்தான் கெப்பாசிட்டர் நிரப்பும், சோர்ந்த பேட்டரியைத் தூக்கி நிறுத்தாது. 2எஸ்ஸுக்கு (இரண்டு செல் லிப்போ) 16 வோல்ட் அல்லது அதற்கு மேல், உள் மின்தடை குறைந்த லோ இஎஸ்ஆர் ரகம், இஎஸ்சிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும். இது பேச்சுக்குச் சொல்வதல்ல.

4. கார் தானாக உருள்கிறதா

பினியனை விலக்கிவிட்டு காரை ஒரு தள்ளு தள்ளுங்கள். சத்தமில்லாமல் உருண்டு ஓடவேண்டும். கரகரவென்று நின்றால் பேரிங்கில் மண். டிடி-02 கிட்டில் வரும் பிளாஸ்டிக் புஷ்ஷுகளுக்குப் பதிலாக 11க்கு 5 மில்லிமீட்டர் பால் பேரிங் போட்டால் கண்ணுக்குத் தெரியும் மாற்றம். கியர் இடைவெளியைச் சரிசெய்ய முடிகிற கார் என்றால், ஸ்பருக்கும் பினியனுக்கும் நடுவே ஒரு நோட்டுத் தாள் துண்டை விட்டு அழுத்தி மோட்டாரை இறுக்கி, பிறகு தாளை உருவுங்கள். பினியனின் குட்டி ஸ்க்ரூ தண்டின் தட்டைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது தளர்ந்து வழுக்கினால் வரும் சத்தம் திக்கல் போலவே கேட்டு ஆளை ஏமாற்றும்.

5. பினியனைச் சின்னதாக்குங்கள்

வயர், பேட்டரி, பேரிங் எல்லாம் சரி, மெதுவாகக் கிளம்பும்போது மட்டும் இன்னும் திக்குகிறது என்றால், அதிகப் பலன் தருவது இதுதான். சைக்கிளில் பெரிய கியரில் நின்ற இடத்திலிருந்து மிதிப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

டிடி-02இல் ஸ்பர் 70 பல், பினியன் 22 பல், உள் விகிதம் 2.6. எழுபதை இருபத்திரண்டால் வகுத்து 2.6ஆல் பெருக்கினால் 8.27. பினியனை 19 பல்லாக மாற்றினால் 9.58. அதே வேகத்துக்கு மோட்டார் 16 சதவீதம் அதிகம் சுற்றும். இஎஸ்சிக்குத் தகவல் சீக்கிரம் கிடைக்கும், கிளம்ப வேண்டிய முறுக்கமும் குறையும், மோட்டார் சூடும் இறங்கும். இதற்குக் கொடுக்கும் விலை உச்ச வேகம்: 7.4 வோல்ட்டில் சுமையில்லாக் கணக்குப்படி மணிக்கு 35 கிலோமீட்டர் சொச்சம் இருந்தது 30 சொச்சமாகும். மொட்டை மாடியிலும் தெருவிலும் ஓட்டுபவருக்கு அந்த 5 கிலோமீட்டர் தேவையே இல்லை.

பெரிய டயர் மாட்டுவது பினியனைப் பெரிதாக்குவதற்குச் சமம். டயரை மாற்றிய பிறகு திக்கல் வந்ததென்றால் வேறெங்கும் தேடவேண்டாம்.

6. இஎஸ்சி அமைப்புகள்

முதலில் த்ராட்டில் கேலிப்ரேஷனைப் புதிதாகச் செய்யுங்கள்: ரிமோட்டில் டிரிம் பூஜ்யம், எண்ட் பாயிண்ட் 100 சதவீதம், பிறகு நியூட்ரல், முழு முன், முழு பிரேக். நியூட்ரல் நகர்ந்திருந்தால் விரலை எடுத்த பிறகும் இஎஸ்சி தடுமாறும்.

அடுத்தது பஞ்ச் அல்லது ஸ்டார்ட் மோட் என்ற அமைப்பு; கிளம்பும்போது இஎஸ்சி எவ்வளவு வேகமாக மின்சாரத்தைக் கூட்டும் என்பதை இது முடிவு செய்கிறது. முழு த்ராட்டிலில் திக்கும் காருக்கு இதைக் குறைத்தால் சட்டென்று மாற்றம் தெரியும். பேட்டரி சோர்ந்திருப்பதை இது மறைக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். மெதுவாகக் கிளம்பும்போது திக்கும் காருக்கு விடை அவ்வளவு நேராக இல்லை. மிகவும் குறைத்தால் குருட்டுத் தொடக்கம் நீண்டு திக்கல் கூடுவதும் நடக்கும். ஒரு படி மேலே, ஒரு படி கீழே, ஒவ்வொன்றிலும் பத்து முறை கிளப்பிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு அமைப்பை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

டைமிங், அதாவது ரோட்டரின் நிலைக்கு எவ்வளவு முன்பாக மின்சாரத்தை அடுத்த ஜோடிக்கு மாற்றுவது என்பது, பல இஎஸ்சிகளில் 0 டிகிரியிலிருந்து 26.25 டிகிரி வரை படிப்படியாக வரும். ஏற்றினால் உச்ச வேகமும் சூடும் ஏறும், கிளம்புவதற்கு உதவாது. யாரோ ஏற்றி வைத்த பழைய கார் உங்கள் கைக்கு வந்திருந்தால் நடுநிலைக்கு இறக்குங்கள்.

7. சென்சாரின் பக்கம்

மேலே உள்ள எல்லாம் செய்தும் மெதுவான ஓட்டம் திருப்தி தரவில்லையா? பாறையில் ஏறும் கிராலர், அல்லது குழந்தை ஓட்டும் கார் என்றால் திருப்தி தராதுதான். அப்போதுதான் காசை எடுக்கவேண்டும், அதுவும் சென்சார் உள்ள மோட்டாருக்கும் அதைப் படிக்கும் இஎஸ்சிக்கும். உள்ளே இருக்கும், காந்தத்தை உணரும் மூன்று ஹால் சென்சார்கள் ரோட்டர் நிற்கும்போதும் அது எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடும். குருட்டுத் தொடக்கம் என்பதே இல்லை. கேஸ்டிலின் மாம்பா எக்ஸ் போன்றவை கிளம்பும்போது சென்சாரைப் பயன்படுத்தி, வேகம் வந்ததும் சென்சார்லெஸ்ஸாக மாறிக்கொள்ளும். கிராலருக்கு ஹாபிவிங்கின் குயிக்ரன் ஃபியூஷன் மாதிரி மோட்டாரும் இஎஸ்சியும் ஒரே உருளைக்குள் இருக்கும் எஃப்ஓசி ரகமும் (மூன்று வயரிலும் மின்சாரத்தைச் சீராக மாற்றிக்கொண்டே இருப்பது) உண்டு.

சென்சார் மோட்டாரே திக்கினால் கேபிளைப் பாருங்கள். ஆறு மெல்லிய வயர், 1.5 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு ஊசி. கியருக்குப் பக்கத்தில் உரசி ஒரு வயர் அறுந்தாலும் பல இஎஸ்சிகள் உங்களிடம் சொல்லாமல் சென்சார்லெஸ்ஸுக்குப் போய்விடும். துளையில் மண் இருந்தால் பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மாட்டுங்கள். இன்னொரு கேபிளை மாற்றிப் பார்ப்பதுதான் சுலபமான சோதனை.

மோட்டார் வாங்குவதாக இருந்தால் கேவி எண்ணில் மயங்காதீர்கள். ஒரு ஆம்பியருக்கு மோட்டார் தரும் முறுக்கம் கேவி ஏற ஏற இறங்கும். கனமான காருக்குக் குறைந்த கேவி, நீளமான மோட்டார், தேவையானால் ஒரு செல் கூடுதல் என்று போவதே மேல். இஎஸ்சியும் வண்டியும் அதைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும் விரலிலும் கொஞ்சம் இருக்கிறது. சென்சார்லெஸ் காரைத் தடவித் தடவிக் கிளப்பாதீர்கள். தயங்காமல் ஒரு சிறு அழுத்து, கார் நகர்ந்ததும் தளர்த்துங்கள். ரிவர்ஸ் எடுக்கும் முன் முழுதாக நிற்கவிடுங்கள். திக்கும்போது அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். ரோட்டர் சுற்றாத அந்த நேரத்தில்தான் மொத்த மின்சாரமும் சூடாக மாறி, இஎஸ்சியையும் சுருளையும் சுடுகிறது. மோட்டாரைத் தொட்டு மூன்று நொடி விரலை வைக்க முடியாவிட்டால் அன்றைய ஓட்டம் போதும். அளவுக்கு மீறிய சூட்டில் காந்தம் வலுவிழந்தால் திரும்பி வராது.

என் டிடி-02 இப்போது 19 பல் பினியன், எக்ஸ்டி60, புதிதாக வைத்த மூன்று சால்டர்களோடு ஓடுகிறது. மாடியின் சரிவில் ஏற்றத்தைப் பார்த்து நிறுத்திக் கிளப்பினால் மட்டும் எப்போதாவது ஒரு டக் கேட்கும். அதற்காக சென்சார் செட் வாங்கப் போவதில்லை. அன்று வாங்கிய இரண்டாவது மோட்டார் இன்னும் டப்பாவுக்குள் இருக்கிறது. ஒரு குறையும் இல்லாத மோட்டார்.